உயர்மலைக் குழுவுடன் முதன்முறையாகச் செல்லும் மருத்துவருக்கு

இமயமலையில் 5,000 மீட்டருக்கு மேலுள்ள ஒரு சிகரத்துக்கோ கணவாய்க்கோ செல்லவிருக்கும் குழு, தன்னுடன் மருத்துவராக வருமாறு உங்களை அழைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எம்.பி.பி.எஸ். முடித்து, அவசர சிகிச்சைப் பிரிவிலோ பொது மருத்துவத்திலோ சில ஆண்டுகள் பணியாற்றியவர். ஆனால் மலைக்கு மருத்துவராகச் சென்றதில்லை. இந்தக் கட்டுரை அத்தகையவர்களுக்காக எழுதப்பட்டது. இதில் வரும் மருந்தளவுகள் யாவும் வயதுவந்தோருக்கு உரியவை. புறப்படுமுன் அவற்றை அண்மைய வழிகாட்டு நெறிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மருத்துவமனையில் ஆய்வகமும் எக்ஸ்ரேயும் சக மருத்துவர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். மலையில் இவற்றில் எதுவும் கிடையாது என்பதால், அங்கு தேவைப்படும் மருத்துவத்தின் பெரும்பகுதியைப் புறப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே செய்து முடித்துவிட வேண்டியிருக்கிறது. மேலே போன பிறகு எஞ்சும் வேலைகளில் தலையாயது, யாரை எப்போது கீழே இறக்குவது என்று முடிவெடுப்பதுதான். மருந்துப் பெட்டியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குப் புதியவர்கள் இந்த இரண்டைப் பற்றியும் கவலைப்படுவதில்லை.

முதல் படி: உங்கள் தகுதியும் அதிகாரமும்

நோயாளியைவிட முதலில் களைத்துப்போகும் மருத்துவரால் குழுவுக்குப் பயனில்லை. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஆகியவை நடத்தும் அடிப்படைப் பயிற்சியை முடித்திருந்தால் கயிறு, பனிக்கோடரி, கூடாரம் ஆகியவற்றோடு பழக்கம் ஏற்பட்டிருக்கும். மலை மருத்துவத்துக்கெனப் பன்னாட்டு மலையேற்ற அமைப்புகள் சேர்ந்து 1997-இல் வகுத்த பட்டயப் படிப்பு ஒன்றும் உண்டு. நேபாளத்திலும் அது நடத்தப்படுகிறது. முதல் பயணத்துக்கு முன் அதை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் மலையில் ஓரிரு வாரங்களாவது கூடாரத்தில் தங்கிப் பழகாமல் மருத்துவப் பொறுப்பை ஏற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்ததாக, குழுத் தலைவரோடு உட்கார்ந்து பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில உள்ளன. மருத்துவக் காரணத்துக்காக ஒருவர் இறங்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அது ஆலோசனையா, இறுதி முடிவா? சுமைதூக்கிகள், சமையல்காரர்கள், வழிகாட்டிகள் ஆகியோரின் சிகிச்சைச் செலவையும் மீட்புச் செலவையும் யார் ஏற்பது? உறுப்பினர் ஒருவரின் உடல்நிலை பற்றித் தலைவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? இவற்றுக்கு அடிவாரத்தில் விடை கண்டுவிட்டால், 5,000 மீட்டரில் நள்ளிரவில் ஒரு கூடாரத்தின் வாசலில் நின்று வாதிட நேராது. இந்தியாவுக்கு வெளியே செல்வதாக இருந்தால், அந்நாட்டில் மருத்துவம் பார்க்க உள்ளூர் மருத்துவக் கவுன்சிலின் அனுமதி தேவையா என்பதையும், உங்கள் தொழில்முறைக் காப்பீடு மலைப் பயணத்துக்குச் செல்லுமா என்பதையும் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள்.

இரண்டாம் படி: உடன் வருபவர்களை அறிதல்

குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் விரிவான உடல்நலப் படிவம் அனுப்புங்கள். அதில் முதல் கேள்வி, இதற்கு முன் எவ்வளவு உயரத்தில் உறங்கியிருக்கிறார், அப்போது என்ன நேர்ந்தது என்பதாக இருக்கட்டும். ஒருவர் அடுத்த முறை உயரத்தை எப்படித் தாங்குவார் என்பதை ஊகிக்க அவருடைய கடந்தகால அனுபவத்தைவிட நல்ல வழி இல்லை. உடற்பயிற்சியால் வந்த வலிமை இதில் காப்பதில்லை. மாரத்தான் ஓடும் இளைஞர் வேகமாக ஏறிவிடுவதாலேயே முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு, கருவுற்றிருத்தல், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்; உயர நோய்க்கான அசிடசோலமைட் மருந்தைக் கொடுக்கும்போது அது முக்கியமாகிவிடும். இன்சுலின் போடுபவர் தம் மருந்தை உறையவிடாமல் உடலோடு வைத்திருக்க வேண்டும், உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூலம், பல் சொத்தை போன்ற, ஊரில் ஒத்திப்போடப்படும் சிறு தொல்லைகளைப் புறப்படுமுன் தீர்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்றும் உறைந்த சாக்லேட்டும் பழைய பல் அடைப்பை உடைத்துவிடுவது மலையில் அடிக்கடி நிகழ்வது.

இந்த முன்சோதனையில் எவ்வளவு கறாராக இருப்பது என்பது, செல்லும் இடத்திலிருந்து வெளியேற எவ்வளவு நேரமாகும் என்பதைப் பொறுத்தது. அன்டார்க்டிகாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் 1961 ஏப்ரல் 30 அன்று, 27 வயதான சோவியத் மருத்துவர் லியோனிட் ரோகசோவ் தமக்குத் தாமே குடல்வால் அறுவை செய்துகொண்டார். நிலையத்தில் அவர் ஒருவரே மருத்துவர்; குளிர்காலப் பனிப்புயலில் எந்த விமானமும் வர இயலாத நிலை. உடனிருந்த வானிலையாளரும் ஓட்டுநரும் கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் கண்ணாடியைப் பிடிக்கவும் செய்தார்கள். அவர் பிழைத்து, இரண்டு வாரங்களில் பணிக்குத் திரும்பினார். ஆஸ்திரேலிய அன்டார்க்டிக் நிலையங்களில் குளிர்காலம் தங்கும் மருத்துவர்கள் முன்கூட்டியே குடல்வாலை அகற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி இருப்பதும் இதே காரணத்தால்தான். இமயத்தில் அந்த அளவு கண்டிப்பு தேவையில்லை. ஆனால் சாலையிலிருந்து பத்து நாள் நடைத் தூரத்தில் உள்ள பள்ளத்தாக்குக்குப் போகும் குழுவையும், இரண்டு நாளில் ஜீப்பை எட்டிவிடக்கூடிய குழுவையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

மூன்றாம் படி: பாதையை மருத்துவரின் கண்ணால் படித்தல்

பயண நிரலை வாங்கி, ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பகலில் எவ்வளவு ஏறினாலும் உடல் கணக்கு வைப்பது பெரும்பாலும் உறங்கும் உயரத்தைத்தான். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே உறங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். நிரல் இதற்கு ஒத்துவரவில்லை என்றால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். விடுப்பு நாள்கள் போதவில்லை என்ற பதில் வரும். அப்படியானால் சிகரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது லே நகரம். காலையில் கடல் மட்டத்தில் இருந்தவர், விமானம் ஏறி அன்றே ஏறத்தாழ 3,500 மீட்டரில் இறங்கிவிடலாம். அங்கு குறைந்தது இரண்டு நாள்கள் ஓய்வாகத் தங்காமல் மேற்கொண்டு ஏறக் கூடாது. கயிலாயப் பயணத்தில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கு செல்வோரில் முதியவர்கள் நிறைய இருப்பதால், யாத்திரைக் குழுவோடு செல்லும் மருத்துவருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியமானது.

அதே தாளில், ஒவ்வொரு முகாமிலிருந்தும் நோயாளியை வெளியேற்றும் வழியையும் எழுதுங்கள்: நடந்தா, தூக்கியா, குதிரையிலா, எத்தனை மணி நேரத்தில், எந்த மருத்துவமனைக்கு. ஹெலிகாப்டர் என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். அது இரவில் வராது, மேகத்தில் வராது, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் இறங்க முடியாது. மழைக்காலத்தில் அடுத்தடுத்து பல நாள்கள் வராமலும் போகலாம். காப்பீட்டு நிறுவனம் எந்த உயரம் வரை மீட்புச் செலவை ஏற்கும் என்பதையும் ஒவ்வொருவரின் ஆவணத்திலும் பாருங்கள்.

தகவல்தொடர்பில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. இந்தியாவில் உரிய அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களிலேயே இதற்காகக் கைது செய்யப்பட்டிருக்கிறார்கள். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் இதே சிக்கலில் மாட்டும். எனவே அனுமதி பெறும் வேலையைப் பயண ஏற்பாட்டின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

நான்காம் படி: மருந்துப் பெட்டி

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். அந்தப் பெட்டியைச் சுமக்கும் கழுதை எப்போதும் நோயாளிக்கு ஒரு நாள் பின்னால்தான் வரும். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு பை, உங்கள் முதுகுப் பையில் அவசர மருந்துகள், அடிவார முகாமில் பெரிய இருப்பு என மூன்றாகப் பிரியுங்கள். உயர நோய்க்கான அசிடசோலமைட், டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் ஆகிய மூன்றும் உங்கள் முதுகுப் பையை விட்டு அகலக் கூடாது. வலிநிவாரணிகள், வாந்தி நிறுத்தும் மருந்து, அசித்ரோமைசின், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒவ்வாமைக்கான அட்ரினலின், கண் களிம்பு, கட்டுத்துணிகள், வளைத்துக் கட்டக்கூடிய மெல்லிய சிம்பு, தற்காலிகப் பல் அடைப்பு, கிராம்பு எண்ணெய் ஆகியவை அடுத்த நிலை. மாத்திரையாகக் கிடைக்கும் எதையும் ஊசி மருந்தாக எடுத்துச் செல்ல வேண்டாம். ஆம்பூல்கள் உறைந்து வெடிக்கும், சலைன் பைகள் கல்லாகும். குளுக்கோமீட்டரும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் குளிரில் தவறாகக் காட்டும் அல்லது காட்டவே காட்டாது. அவற்றையும் மாற்று பேட்டரிகளையும் இரவில் உறக்கப் பையினுள் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ஃபின், கெட்டமின் ஆகியவை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2018 முதல் டிராமடாலும் அப்படியே. இவற்றை எடுத்துச் செல்வதானால் உரிய ஆவணங்களும், மருந்தின் அளவைக் குறிப்பிட்ட கடிதமும் கையில் இருக்க வேண்டும். எல்லையைக் கடக்கும் பயணத்தில் இவற்றைத் தவிர்த்துவிட்டு, அங்கேயே சட்டப்படி வாங்க முடியுமா என்று பார்ப்பது நல்லது.

4,000 மீட்டருக்கு மேல் நெடுநாள் தங்கும் குழுவுக்கு ஆக்சிஜன் சிலிண்டரோ, காற்றழுத்தப் பையோ, முடிந்தால் இரண்டுமோ வேண்டும். நோயாளியை உள்ளே படுக்கவைத்துக் கால்பம்பால் காற்றடித்தால் இந்தப் பைக்குள் அழுத்தம் கூடி, அவர் 1,500 மீட்டருக்கு மேல் கீழே இறங்கியதற்கு ஒப்பான நிலை உண்டாகும். கரியமில வாயு தேங்காமலிருக்க விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், மாறி மாறி அடிக்க ஆள்கள் தேவை. அதை முதல்முறையாகப் பிரிப்பது ஊரில் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கட்டும்.

ஐந்தாம் படி: முகாமின் அன்றாட வழக்கம்

காலை உணவுக்கு முன்னும் மாலையிலும் ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுக்கும் லேக் லூயிஸ் அளவுகோல், 2018-இல் திருத்தப்பட்ட வடிவில், எளிதாகக் கேட்டுவிடக் கூடியது. தலைவலி இருந்து, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர நோய். ஆனால் சிகரம் ஏறும் ஆசையில் இருப்பவர் வாயால் உண்மையைச் சொல்வார் என்று நம்பிவிட முடியாது. தட்டில் சோற்றை மீதம் வைத்தவர், கூடாரத்திலிருந்து கடைசியாக வெளியே வருபவர், நேற்றுவரை கலகலப்பாக இருந்து இன்று ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர் ஆகியோரைக் கவனியுங்கள். சமையற்காரரிடம் பேசிப் பழகிவிட்டால் உங்களுக்குப் பாதிச் செய்தி வந்துவிடும்.

பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொண்டு குழுவை அச்சுறுத்த வேண்டாம். 5,300 மீட்டரில் நலமாக இருப்பவருக்கே 80-ஐ ஒட்டிய எண் வரலாம். விரல் குளிர்ந்திருந்தால் அதுவும் பொய்யாகும். ஒரே உயரத்தில் மற்றவர்களைவிட ஒருவர் மட்டும் மிகவும் குறைந்து காணப்படுகிறாரா என்பதற்கே அது பயன்படும். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு சில நொடிகள் நின்று, பின் வேகமாக வாங்குவதைக் கண்டு பலர் உங்களை எழுப்புவார்கள். உயரத்தில் அது இயல்பு என்று முன்பே சொல்லிவிடுங்கள். உறக்கமின்மைக்குத் தூக்க மாத்திரை கேட்பவருக்கு அசிடசோலமைட் பொருத்தமான மாற்று.

ஆறாம் படி: உயர நோயும் இறக்கும் முடிவும்

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. உடல் இதற்குப் பழகச் சில நாள்கள் எடுக்கும். பழகுமுன் ஏறிக்கொண்டே போனால் முதலில் வருவது சாதாரண மலை நோய். அதைப் புறக்கணித்தால் மூளை வீக்கம் வரலாம். நுரையீரலில் நீர் கோப்பது தலைவலி எதுவுமின்றித் தனியாகவும் வரும். இந்நோய்களைப் பற்றிய நம் அறிவில் இந்தியர்களின் பங்கு கணிசமானது. 1962 போரையொட்டிப் படைவீரர்கள் உயரமான எல்லைகளுக்கு விரைந்து அனுப்பப்பட்டபோது நோயுற்ற 1,925 பேரைக் கண்டு, ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1969-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

சாதாரண மலை நோய்க்கு விதி எளிது: ஏறுவதை நிறுத்துங்கள். அதே உயரத்தில் ஓய்வு, பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரோஃபென், தேவையானால் அசிடசோலமைட் 250 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் குறையாவிட்டாலோ கூடினாலோ இறக்குங்கள். தடுப்புக்காகத் தருவதானால் 125 மி.கி. நாளுக்கு இருமுறை போதும். ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் பக்கவிளைவுகள் என்பதைச் சொல்லாமல் கொடுத்தால், அடுத்த நாள் உங்கள் கூடாரத்துக்கு வெளியே வரிசை நிற்கும்.

மூளை வீக்கத்தைக் கண்டறிய எந்தக் கருவியும் தேவையில்லை. குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சிலும் நடத்தையிலும் குழப்பம் தெரிந்தாலோ அது மூளை வீக்கம் என்றே கொள்ளுங்கள். டெக்சாமெத்தசோன் 8 மி.கி. உடனே, பின் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி., கிடைத்தால் ஆக்சிஜன், உடனடி இறக்கம். இந்த மருந்தால் நோயாளி சில மணி நேரத்தில் தெளிந்து, தாம் நலம் என்றும் மேலே வருவதாகவும் சொல்வார். நோய் மறைந்திருக்கிறதே தவிர, போகவில்லை. அவரை ஏற விடக் கூடாது.

நுரையீரலில் நீர் கோப்பது பெரும்பாலும் புதிய உயரத்தில் இரண்டாம் இரவுக்குப் பின் வருகிறது. முதல் அறிகுறி, மற்றவர்களுக்கு எளிதாக இருக்கும் ஏற்றத்தில் ஒருவர் மட்டும் பின்தங்குவது. பிறகு வறட்டு இருமல், ஓய்விலும் மூச்சிரைப்பு, கடைசியில் இளஞ்சிவப்பு நுரைச்சளி. லேசான காய்ச்சலும் இருக்கலாம் என்பதால் இதை நிமோனியா என்று எண்ணி, ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. ஐயமிருந்தால் இரண்டுக்கும் சிகிச்சை தந்து இறக்குங்கள். ஆக்சிஜன்தான் இங்கு முதல் மருந்து. அது இல்லாதபோது மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் 30 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. நோயாளியை நடக்கவைத்துக் களைப்படையச் செய்யாமல் தூக்கிச் செல்வது நல்லது.

எவ்வளவு தூரம் இறக்குவது? அறிகுறி நீங்கும் வரை. வழக்கமாக 300 முதல் 1,000 மீட்டருக்குள் மாற்றம் தெரியும். எப்போது என்பதே கடினமான கேள்வி. மாலை ஆறு மணிக்குத் தள்ளாடுகிறவரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால், நள்ளிரவுக்கு மேல் நினைவிழந்தவரைப் பாறைகளுக்கிடையே தூக்கிச் செல்ல நேரும். இன்னும் நடக்க முடியும் நிலையில், வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். பாதை ஆபத்தானதாக இருந்து இரவில் இறக்கவே இயலாது என்றால் மட்டும், காற்றழுத்தப் பையிலும் ஆக்சிஜனிலும் விடியும்வரை காத்திருங்கள். இறங்கியவர் அடுத்த நாள் நலமாகிவிட்டால் உங்கள் முடிவு மிகைப்பட்டதாகக் குழு பேசும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஏழாம் படி: குளிர்

பனிக்கடியால் உறைந்த விரலைத் தேய்க்கவோ, நெருப்பில் காட்டவோ கூடாது. மீண்டும் உறையாத இடத்தை அடைந்த பின்னரே, 37 முதல் 39 டிகிரி சூட்டில் உள்ள நீரில் அரை மணி நேரம் அளவுக்கு மூழ்கவைத்து இளக்க வேண்டும். அதற்கு முன்பே வலிநிவாரணி தாருங்கள், ஏனெனில் இளகும்போது வலி கடுமையாக இருக்கும். இளக்கியபின் மறுபடி உறைந்தால் சேதம் பன்மடங்காகும். அதனால் உறைந்த காலோடு பாதுகாப்பான முகாம்வரை நடந்து வருவதே வழியில் இளக்குவதைவிட மேல். ஐபுப்ரோஃபென் கொடுத்து, பஞ்சுவைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஆழமான பனிக்கடிக்கு ஐலோபிராஸ்ட் போன்ற மருந்துகளை முதல் மூன்று நாள்களுக்குள் தொடங்கினால் விரல்கள் தப்ப வாய்ப்புள்ளது. ஆகவே இதுவும் விரைந்து வெளியேற்ற வேண்டிய நிலைதான்.

உடல்வெப்பம் கடுமையாகக் குறைந்தவரை அசைக்காமல், படுத்த நிலையிலேயே கையாளுங்கள். முரட்டுத்தனமாகப் புரட்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். நாடியை ஒரு நிமிடம்வரை தேடுங்கள். 1999-இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய மருத்துவர் அன்னா போகன்ஹோமின் உடல்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியபின்னும் அவர் மீண்டார். எனவே சூடேற்றாமல் இறந்துவிட்டதாக அறிவிக்க அவசரப்படாதீர்கள்.

கண்ணாடி அணியாமல் பனியில் நடந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலைப் போட்டாற்போல் வலிக்கும். இருட்டு, ஈரத்துணி, வலிநிவாரணி ஆகியவற்றால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விட வேண்டாம். பெரும்பாலும் இது வருவது சுமைதூக்கிகளுக்கு. மலிவான பனிக்கண்ணாடிகளைக் கூடுதலாக வாங்கிச் செல்லுங்கள்.

எட்டாம் படி: அன்றாடத் தொல்லைகளும் பிறருக்கான சிகிச்சையும்

நீங்கள் உண்மையில் அதிகம் பார்க்கப்போவது வயிற்றுப்போக்கு, இருமல், கொப்புளம், பல்வலி ஆகியவற்றைத்தான். தெற்காசியாவில் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாத கிருமிகள் மிகுதி என்பதால் கடும் வயிற்றுப்போக்குக்கு அசித்ரோமைசின் நல்லது. 5,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 83 டிகிரியிலேயே கொதிக்கும். கிருமிகள் சாக அதுவே போதும். கழிப்பிடத்துக்கும் சமையல் கூடாரத்துக்கும் இடையே சோப்பும் தண்ணீரும் வைக்கச் சொல்லி, அதைத் தினமும் சரிபாருங்கள். எந்த மருந்தையும்விட அது அதிகம் சாதிக்கும்.

சுமைதூக்கிகள் மலையில் பிறந்தவர்கள், அவர்களுக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் தவறானது. அவர்களில் பலர் தாழ்வான பள்ளத்தாக்குகளிலிருந்து வேலைக்கு வருபவர்கள். கூலி போய்விடும் என்ற அச்சத்தில் நோயை மறைப்பார்கள். காலைச் சோதனையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயுற்றவரைத் தனியாகக் கீழே அனுப்பாதீர்கள். அவர் மொழி பேசும் ஒருவர், பணம், உங்கள் குறிப்பு ஆகியவை உடன் செல்ல வேண்டும், உரிய கூலியும் தரப்பட வேண்டும். நேபாளத்தில் 1973-இல் தொடங்கப்பட்ட ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் பெரிச்சே, மனாங் ஆகிய இடங்களில் பருவகால மருத்துவ நிலையங்கள் நடத்துகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமில் 2003 முதல் ஒரு கூடார மருத்துவமனை இயங்குகிறது. உங்கள் பாதையில் இவை இருந்தால் போகும்போதே எட்டிப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

வழியில் உள்ள ஊர்களிலிருந்தும் மக்கள் வருவார்கள். அவசரத்தையும் வலியையும் கவனியுங்கள். ரத்த அழுத்தத்துக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது அவர்களுக்கு உதவாது. அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குக் குறிப்பெழுதி அனுப்புவதே முறை.

ஒன்பதாம் படி: பதிவும் திரும்புதலும்

ஒவ்வொருவரைப் பார்த்ததையும் நேரம், உயரம், அறிகுறி, கொடுத்த மருந்து, சொன்ன அறிவுரை என்று பென்சிலால் எழுதுங்கள். குளிரில் பேனா மை உறைந்துவிடும். அறிவுரையை மறுத்தவரின் மறுப்பையும் எழுதி, சாட்சி ஒருவரிடம் கையொப்பம் வாங்குங்கள். கீழே இறக்கப்பட்டவர்களை ஊர் திரும்பிய பிறகும் தொடர்புகொண்டு, அவர்களின் மருத்துவருக்கு உங்கள் குறிப்பின் படியை அனுப்புங்கள்.

எஞ்சிய மருந்துகளில் காலாவதியாகாதவற்றை மட்டும், பெயரும் அளவும் எழுதிய பட்டியலோடு அடிவாரச் சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். உறைந்து இளகிய ஊசி மருந்துகளை யாருக்கும் கொடுக்காமல், பயன்படுத்திய ஊசிகளோடு சேர்த்துக் கீழே கொண்டுவந்து, மருத்துவக் கழிவாக அழிக்கச் செய்யுங்கள்.